நாலாம் பாகம் யாரிடம் இருக்கிறது?

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அந்தக் காலத்து ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. எழுத உட்கார்ந்தால் முன்னால் நடந்தது பின்னாலும் பின்னால் நடந்தது முன்னாலும் வந்து நிற்கிறது. ஞாபகமும் சரியில்லை, கண்ணாடியை மூக்கில் போட்டுக்கொண்டே வீடு முழுக்கக் கண்ணாடியைத் தேடுகிறேன். ஆனாலும் நூலகத்தில் குழந்தைகள் பகுதிக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் எல்லாரும் அசோக் நகரில் என் வீடு வரைக்கும் வந்து, "புதுக் கதைப் புத்தகம் வந்தால் எந்தப் பிள்ளைக்கு எதைக் கொடுப்பீர்கள், எப்படித் தெரியும்?" என்று கேட்டீர்கள். அன்றைக்கு வெட்கத்தில் எனக்குப் பேச்சே வரவில்லை. காப்பியைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். நீங்கள் தப்பாக நினைத்திருக்கக் கூடாதே என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்தது மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த மாதர் சங்கத்து வாசகசாலையில். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகள். பெருக்குவது, அலமாரியைத் துடைப்பது, புத்தகம் எடுத்துக் கொடுப்பது எல்லாம் நான்தான். வியாழக்கிழமை தோறும் ஒரு துணிப்பையில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டு, வெளியே வராத பெண்கள் இருக்கும் வீடுகளுக்குப் போவேன். அதில் முஸ்லிம் பெண்கள் திரைக்குள் இருக்கும் கோஷா வீடுகளும் உண்டு.

குழந்தைகளுக்கு ஒரே ஒரு அலமாரி. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கென்று நீளக் கதை எழுதி அச்சடிப்பது அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. சின்னப் பிள்ளைகளுக்குக் குட்டிக் குட்டி நீதிக்கதைகள் இருந்தன. பெரியவர்களுக்குத் துப்பறியும் நாவல்கள் இருந்தன. இந்த நடுவாந்தரப் பிள்ளைகள்தான் இரண்டுக்கும் நடுவில் என்ன படிப்பது என்று தெரியாமல் நின்றார்கள். வருஷத்தில் நாலைந்து புதுப் புத்தகம் வந்தால் அதிகம். ஒவ்வொன்றும் ஒரே பிரதி.

நான் எப்படித் தேர்ந்து கொடுத்தேன் என்று கேட்டீர்கள். உண்மையில் நான் கொடுத்ததே இல்லை. பிள்ளைகளிடம்கூட எனக்குக் கூச்சம். இரண்டு புத்தகத்தைப் பெஞ்சில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி எதையாவது துடைத்துக்கொண்டிருப்பேன். பெரியவர்கள் பார்க்கும்போது பிள்ளைகள் நல்ல பெயர் வாங்கும் புத்தகத்தைத்தான் எடுக்கும். யாரும் பார்க்காதபோதுதான் கை தானாக ஒன்றின் மேல் போகும். அதைத்தான் நான் பதிந்து கொடுப்பேன். ஒரு அம்மாள் வந்து, "நல்ல புத்தி சொல்ற புஸ்தகமா குடும்மா" என்பார். "சரிங்க" என்று அப்படி ஒன்றை அவர் கையில் கொடுத்துவிட்டு, பிள்ளை கையில் இன்னொன்றைக் கொடுப்பேன். ஒரு தடவை அந்த அம்மாள் தனக்குக் கிடைத்ததைத் தானே முழுக்கப் படித்துவிட்டு, "ரொம்ப நன்னா இருந்தது, இதுல இன்னொரு பாகம் இருக்கா?" என்று வந்து நின்றார்.

இனி ஜெயத்தின் கதைக்கு வருகிறேன். நீங்கள் இந்த வேலையில் ஒன்றே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அது இதுதான்.

அந்த வருஷம் புதிதாக ஒரு நாவல் வந்தது. அப்பாவைத் தேடிக்கொண்டு ஓர் அக்காவும் தம்பியும் கால்வாயில் உப்புப் படகில் ஒளிந்து போகிற கதை. நாங்கள் எல்லாரும் படகுக் கதை என்றே சொல்வோம். வந்த அன்றைக்கே படித்துவிட்டேன். அன்று ராத்திரி சோறு குழைந்துவிட்டது. அவ்வளவு நன்றாக இருந்தது. பிள்ளைகள் காதில் விழுந்ததும் ஒரே தள்ளுமுள்ளு. ஒரு பிரதிக்கு எத்தனை பேர் காத்திருப்பார்கள்? வரிசையில் கடைசிப் பிள்ளைக்குக் கிடைப்பதற்குள் அதற்குக் கல்யாணமே ஆகிவிடும்.

புத்தகம் தைக்க வரும் பைண்டர்தான் வழி சொன்னார். எல்லாரும் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

"இன்னாத்துக்கும்மா கொயந்தைங்கள அய வுட்றே? புக்கைப் பிரிச்சு ஆறு துண்டாத் தச்சுக் குடுத்துட்றேன். ஒண்ணு ஒண்ணாக் குடு. ஒரே நேரத்துல ஆறு பேரு படிக்கலாம்."

"கதை எங்க நிக்குதோ அங்க பிரிக்கணும் நைனா."

"கதை எங்க மூச்சு வுடுதுன்னு எனக்கு இன்னா தெரியும்? எனக்குப் படிக்கவா தெரியும்? பாரம் எங்க முடியுதோ அங்கதான் நூல் பிரியும்."

அச்சுக்காரர்கள் பெரிய தாளில் சேர்த்து அடித்து மடிக்கிற பதினாறு பக்கத்தைப் பாரம் என்பார்கள். தையல் பாரம் பாரமாகத்தான் இருக்கும். நடுவில் பிரித்தால் தாள் கிழியும். ஆகவே ஒவ்வொரு பாகமும் பாரம் முடிந்த இடத்தில் முடிந்தது. கதை அங்கே நின்றதா என்று பார்க்கவில்லை. மூன்றாம் பாகத்தின் கடைசி வரி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. வெள்ளத்தில் படகின் கயிறு அறுந்துவிட்டது. தம்பி கரையில், அக்கா படகில். "அக்கா கையை நீட்டினாள். படகு" என்று அச்சாகியிருந்தது. அவ்வளவுதான். படகு என்ன ஆயிற்று என்பது நாலாம் பாகத்தில்.

ஜெயம் என்பவள் வடக்கு மாட வீதியில் ஒரு ஹைகோர்ட்டு வக்கீலின் பெண். பத்து வயது. எதைப் படித்தாலும் பாதியில் திருப்பிக் கொடுத்துவிடுவாள். படகுக் கதையின் முதல் பாகத்தைப் பெஞ்சில் வைத்துவிட்டு நான் திரும்பிக்கொண்டபோது பின்னாலிருந்து கேட்டாள்:

"இதுல யாராவது அழுவாளா?"

"அழுவாங்க."

"கடைசியில சாமி வந்து காப்பாத்துவாரா?"

"சாமி வரமாட்டார். அவங்களேதான் பாத்துக்கணும்."

"அப்போ குடுங்கோ."

மூன்று பாகத்தையும் அவள் முடித்த வேகத்தைப் பார்த்து எனக்கே சந்தோஷம். ஆனால் நாலாம் பாகம் அப்போது ஜைனபுவிடம் இருந்தது. ஜைனபு மீர்சாகிப்பேட்டையில் குடைக்கடை வைத்திருந்த ஒரு பாயின் மகள். பதினொரு வயது. அதற்கு முந்தின வருஷத்தோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் இருந்தாள். வியாழக்கிழமை நான் கொண்டுபோகும் பைதான் அவளுக்கு வெளியுலகம்.

அந்தச் சமயம் பார்த்துப் பங்குனித் திருநாள் வந்துவிட்டது. மாட வீதி முழுக்க ஜனம். வாசகசாலைக்கு முன்னால் சங்கத்தார் மோர்ப் பந்தல் போட்டார்கள், நான் அதிலேயே இருக்க வேண்டியதாயிற்று. வியாழக்கிழமை மீர்சாகிப்பேட்டைக்குப் போக முடியவில்லை. ஜெயம் தினமும் பந்தலுக்கு வந்து நின்றாள்.

"நாலாம் பாகம் வந்துடுத்தா?"

"இல்லை கண்ணு. மீர்சாகிப்பேட்டையில ஜைனபுகிட்ட இருக்கு. நான் போனாத்தான் வரும்."

"ஜைனபு யாரு?"

"உன்னாட்டம் ஒரு பொண்ணு. மசூதிக்கு எதிர்ல, பழைய குடைப் பலகை மாட்டின வீடு. திருநாள் முடியட்டும், போய் வாங்கியாறேன்."

"ராயப்பேட்டை ரோடோட நேரா போகணுமா?"

"ஆமா, நேரா" என்றேன். குழந்தை பேச்சுக்குக் கேட்கிறது என்று நினைத்தேன்.

திருநாளில் அறுபத்துமூவர் வீதி உலா வரும் அன்றைக்கு மூன்று மணி இருக்கும். பந்தலில் மோர் ஊற்றிக் கை மரத்துப்போயிருந்தது. ஜெயத்தின் அம்மா தலை கலைந்து ஓடி வந்தார்.

"ஜெயத்தைக் காணலை! பக்கத்தாத்துப் பொண்ணோட சாமி பார்க்கறேன்னு வந்தா. அவ மட்டும் திரும்பி வந்துட்டா!"

பின்னாலேயே வக்கீலும் வந்தார். அவர் கையில் படகுக் கதையின் மூன்றாம் பாகம்.

"ஊஞ்சல்ல கிடந்தது. கடைசியில என்ன போட்டிருக்கு பாருங்கோ! 'அக்கா கையை நீட்டினாள். படகு.' அதோட நிக்கறது! இதைப் படிச்சுட்டுத்தான் எங்கயோ கிளம்பியிருக்கா. பொண்ணு முதல்ல கிடைக்கட்டும். நாளைக்கே கமிட்டியில சொல்லி இந்தக் கதை அலமாரியை மூட வைக்கறேன்."

"படகுன்னா கால்வாய்தான் சார்!" என்றான் கூட்டத்தில் ஒருவன். "நீச்சல் தெரிஞ்சவங்க வாங்கோ!" என்று இன்னொருவன் கத்தினான். ஒரு கூட்டம் கால்வாய்ப் பக்கமும் ஒரு கூட்டம் கடற்கரைப் பக்கமும் ஓடியது. இன்னும் முப்பது நாற்பது ஆம்பிளைகள், எந்தப் பக்கம் போகலாம் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அந்த அம்மா பந்தல் கழியைப் பிடித்துக்கொண்டு சரிந்து உட்கார்ந்தார்.

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. கதையைப் படித்து முடித்த பிள்ளை வேண்டுமானால் கதையில் வருகிற மாதிரி செய்து பார்க்கும். பாதிக் கதையில் தொங்குகிற பிள்ளை கால்வாய்க்கு ஏன் போகிறது? அது மீதிக் கதை இருக்கிற இடத்துக்குத்தான் போகும்.

வாயைத் திறந்து சொல்லப் போனேன். சட்டென்று நிறுத்திக்கொண்டேன். கூச்சம் மட்டும் காரணம் இல்லை. அந்த வேட்டி மடித்த ஆம்பிளைகளைப் பார்த்தேன். "ஐயர் வீட்டுப் பெண் மீர்சாகிப்பேட்டையில் ஒரு பாய் வீட்டில் இருக்கிறாள்" என்று அந்த இடத்தில், அந்த நாளில், நான் சத்தமாகச் சொன்னால் என்ன ஆகும்? நாற்பது பேரும் அங்கே போய் நிற்பார்கள். போகிற வழியில் நூறு பேர் ஆவார்கள். என்ன விஷயம் என்று தெரியாமலே பாதிப் பேர் வருவார்கள். அந்த வீட்டில் அந்த நேரத்தில் ஒரு தாயும் மகளும்தான் இருப்பார்கள். ஒருவேளை நான் நினைத்தது தப்பாக இருந்து குழந்தை அங்கே இல்லாவிட்டால் இன்னும் மோசம்.

சொல்லாமலும் இருக்க முடியாது. பெற்றவள் காலடியில் உட்கார்ந்து அழுகிறாள்.

மோர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து, அந்த அம்மாவின் காதில் மட்டும் சொன்னேன்: "அம்மா, அழாதீங்க. எனக்கு ஒரு இடம் தோணுது. யாருகிட்டயும் சொல்லாம என்கூட வாங்க. அங்க இல்லாட்டி என்னை என்ன வேணா பண்ணுங்க." பிறகு சங்கத்துக் காரியதரிசி அம்மாளிடம் போய் அதே மாதிரி காதில் சொன்னேன். அவர் ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தார். "சரி, நீ போ. இங்கே நான் யார்கிட்டயும் மூச்சு விடலை" என்றார்.

லஸ் முனையில் ரிக்‌ஷா கிடைத்தது. இழுப்பவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாம்மா, ஊரே சாமி பாக்க உள்ள வந்துகினு கீது, நீங்க வெளிய போறீங்கோ?"

"சீக்கிரம் போப்பா."

"போய்க்கினேதான கீறேன். இது இன்னா மோட்டாரா?"

வழியெல்லாம் அந்த அம்மா என் கையை விடவில்லை. "அங்கேதான் இருப்பாளா? நிச்சயமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். "பாப்போம்மா" என்றேன். கால்வாய்ப் பக்கமே ஓடியிருக்க வேண்டுமோ என்று நினைத்துக்கொண்டே போனேன்.

குடைப் பலகை வீட்டுக் கதவைத் தட்டினேன். ஜைனபுவின் அம்மா கதவிடுக்கில் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்தார்.

"அல்லா! வந்துட்டீங்களா அக்கா! புள்ள உள்ளாறதான் கீது. பத்திரமா கீது. உள்ள வாங்கோ."

ஜெயத்தின் அம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அழுகையும் சிரிப்புமாக வந்தது அவருக்கு.

"மத்தியானம் தனியா வந்து நிக்குது" என்றார் ஜைனபுவின் அம்மா. "யாரு வூட்டுப் புள்ளன்னு கேட்டா, 'நாலாம் பாகம் வேணும்'ங்குது! அத்தினி ஜனத்துல தனியாத் திருப்பி அனுப்ப எனக்கு மனசு கேக்கலை. நான் கூட்டினு வெளிய வர முடியாது. பக்கத்து வூட்டு ஆயாவைக் கடைக்கு அனுப்பி அவரை வரச் சொன்னேன். 'எந்தத் தெரு, யாரு பொண்ணு, தெரியலையே, நான் வாசகசாலைக்கே போய் அந்தம்மாகிட்ட மட்டும் சொல்லிட்டு வரேன்'னு கெளம்பிப் போயிருக்காரு. கும்பல்ல மாட்டிக்கினாரோ இன்னாவோ."

பிறகு ஜெயத்தின் அம்மாவைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கி, "புள்ள வெயில்ல வந்துச்சு. எங்க வூட்டுத் தண்ணி குடிக்குமோ குடிக்காதோன்னு, வாசல்ல போன எளநிக்காரனை நிறுத்தி, அவன் கையாலயே வெட்டிக் குடுக்கச் சொன்னேன். வேற எதுவும் குடுக்கல" என்றார்.

ஜெயத்தின் அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கும் தாகமா இருக்கு. உங்காத்துத் தண்ணியே குடுங்கோ" என்றார். வாங்கிக் குடித்தார். நான் பார்த்தேன்.

உள்ளே கூடத்தில் கோரைப்பாய் மேல் இரண்டு பெண்களும் குப்புறப் படுத்துக்கொண்டு ஒரே பாகத்தின் மேல் தலையைக் கவிழ்த்திருந்தார்கள். ஜைனபு சத்தமாகப் படிக்க, ஜெயம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஜெயம்!" என்றார் அம்மா. அடிக்கத்தான் போனார்.

"அம்மா, இன்னும் ரெண்டே பக்கம். தம்பி இப்போதான் மதகு மேல ஏறியிருக்கான்."

"எழுந்திருடி! ஊரே உன்னைக் கால்வாயில தேடிண்டிருக்கு!"

"கால்வாயிலயா? ஏன்? நான் புஸ்தகம் வாங்கத்தானே வந்தேன். ஜைனபு இன்னும் முடிக்கலை. பாதியில பிடுங்கிண்டு வரப்படாதோல்லியோ?"

அந்த அம்மா ஓங்கின கையை என்ன செய்வதென்று தெரியாமல் தன் தலையிலேயே வைத்துக்கொண்டார்.

அந்த நேரம் வாசலில் ஜட்கா வண்டி வந்து நின்றது. குடைக்கடை பாயும் வக்கீலும் ஒன்றாக இறங்கினார்கள். பாய் பந்தலுக்குப் போய், கூட்டத்தில் யாரிடமும் கேட்காமல், காரியதரிசி அம்மாளிடம் தனியாகச் சொல்லியிருக்கிறார். அவர் வக்கீலை உள்ளே கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, பின்பக்கச் சந்து வழியாகப் பாயோடு அனுப்பிவிட்டார். கால்வாயில் தேடினவர்களுக்கு, பெண் உறவுக்காரர் வீட்டில் இருந்தாள் என்று சொல்லி மோர் கொடுத்து அனுப்பினார்களாம்.

வக்கீல் முன்னறையிலேயே நின்றார். திரைக்கு இந்தப் பக்கம் நாங்கள். அவருடைய செருப்புச் சத்தம் கேட்டதும் ஜைனபுவின் குரல் நின்றுபோயிற்று. ஜெயம் எழுந்து தலையைக் குனிந்துகொண்டு அவர் முன்னால் போய் நின்றாள். அவர் குழந்தையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகுதான் கோபம் வந்தது.

"ஏண்டி, ஆத்துல ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகப்படாதா?"

"சொன்னா விட்டிருப்பேளா?"

வக்கீல் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "விட்டிருக்க மாட்டேன்" என்றார்.

"அதான்."

அலமாரியை மூடுவேன் என்று அவர் சொன்னது என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. மூடினால் ஜெயத்துக்கு மட்டுமா போகும்? அவளாவது பள்ளிக்கூடம் போவாள். உள்ளே கோரைப்பாயில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு என் பையை விட்டால் வேறு கதி இல்லை. இதை நான் சொல்லியிருக்க வேண்டும். திரைத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றேனே ஒழிய வாய் வரவில்லை.

ஜைனபுவின் அம்மாதான் திரைக்குப் பின்னாலிருந்து பேசினார். "அண்ணே, கோச்சுக்காதீங்கோ. எங்க புள்ள ஒரு வருசமா யாரோடயும் உக்காந்து படிச்சதே இல்ல. இன்னிக்குத்தான். இன்னும் ரெண்டு பக்கந்தானாம். முடிச்சுட்டுக் கூட்டினு போங்கோ."

வக்கீல் பாயைப் பார்த்தார். பாய் ஒரு நாற்காலியைத் துண்டால் தட்டி முன்னால் இழுத்துப் போட்டார். அவர் உட்கார்ந்தார். "சரி, முடிச்சுட்டு வா" என்றார்.

ஜெயம் உள்ளே ஓடினாள். ஜைனபு மறுபடியும் படிக்க ஆரம்பித்தாள். முதலில் குரல் எழும்பவில்லை. தம்பி மதகின் மேலிருந்து கயிற்றை வீசுகிற இடம் வந்ததும் தன்னை மறந்து உரக்கப் படித்தாள். வக்கீல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாலாம் பாகமும் அதே மாதிரி வாக்கியத்தின் நடுவில் போய் நின்றது.

"அவ்வளவுதானா?" என்றார் வக்கீல்.

"மீதி அஞ்சாம் பாகத்துல இருக்குங்க" என்றேன். அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"அது யார்கிட்ட இருக்கு?"

"வாசகசாலையிலதாங்க."

அவர் வெளியே வந்து நின்ற ஜெயத்தின் தலையில் கை வைத்தார். "இனிமே தனியாக் கிளம்பினா காலை முறிச்சுடுவேன்" என்று அவளிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "அஞ்சாம் பாகத்தை நீ இங்கே கொண்டு வர வேண்டாம்மா. அதை ஜெயத்துக்கிட்ட குடு. நான் கூட்டிண்டு வரேன்."

பாய் சொன்னார்: "வாங்கோ சார். வியாழக்கிழமை நானும் கடையிலேர்ந்து சீக்கிரம் வந்துட்றேன்."

அலமாரியைப் பற்றி வக்கீல் கமிட்டியில் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வியாழக்கிழமை வக்கீலும் மகளும் ஐந்தாம் பாகத்தோடு ரிக்‌ஷாவில் மீர்சாகிப்பேட்டைக்குப் போனார்கள். அதற்கடுத்த வியாழன் ஆறாம் பாகத்தோடு போனார்கள். படகுக் கதை முடிந்த பிறகும், புதுக் கதை எது வந்தாலும் அந்த இரண்டு பெண்களும் சேர்ந்துதான் படித்தார்கள். முன்னறையில் இரண்டு அப்பாக்களும் குடையைப் பற்றியும் கோர்ட்டைப் பற்றியும் பேசிக்கொண்டே ஒரு காதை உள்ளே வைத்திருப்பார்கள். நான் பையோடு போகும்போது சில நாள் பேச்சே இருக்காது, உள்ளே கதை சூடாக இருக்கிறது என்று தெரிந்துகொள்வேன்.

நீங்கள் கேட்டதற்கு இதுதான் எனக்குத் தெரிந்த பதில், பெண்களே. ஒரு பிள்ளைக்குப் புத்தகத்தைக் கொடுக்கும்போது அதோடு உங்கள் வேலை முடியவில்லை. அது எந்த இடத்தில் நிற்கிறது, அடுத்தது யாரிடம் இருக்கிறது என்று உங்கள் மனசில் இருக்க வேண்டும். அவசரம் வந்தால் எதைச் சொல்வது என்பதை விட யார் காதில் சொல்வது என்று முதலில் பாருங்கள். என்னைப் போல் கூச்சக்காரிகள் உங்களில் யாராவது இருந்தால் பயப்பட வேண்டாம். இந்த வேலைக்கு அது ஒன்றும் குறை இல்லை.

எழுதினதில் தப்பு இருக்கும். அந்த வருஷம் அறுபத்துமூவர் எந்தக் கிழமையில் வந்தது, ரிக்‌ஷா லஸ் முனையில்தான் ஏறினோமா இல்லை குளத்து முனையிலா, மதகு காட்சி நாலாம் பாகம்தானா என்றெல்லாம் எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது. அந்தக் கதையை எழுதியவர் பெயரும் வாய் வரை வந்து நின்றுவிடுகிறது. மயிலாப்பூரில் அந்த நாளைப் பார்த்தவர்கள் யாராவது இன்னும் இருந்தால், இதை ஒரு தடவை அவர்களுக்குப் படித்துக் காட்டிச் சரிபார்த்துச் சொல்லுங்கள். திருத்தி எழுதித் தருகிறேன். அப்போது வந்தால் உள்ளே போய் உட்கார மாட்டேன், உங்களோடேயே உட்காருகிறேன்.